ஜெயின் ஆணைய அறிக்கையை எப்படிப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராஜீவ் காந்தி கொலையும் அதற்குப் பிந்தைய அரசியலும் பற்றி உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையில் இரண்டு வரிகள் உறுத்தின. ‘அனுதாப அலையில்தான் 1991-இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது’ என்பது ஒன்று. ‘தி.மு.க.வுக்குக் கொலையில் பங்கு உண்டு என்று ஜெயின் ஆணையம் தீர்ப்பளித்தது’ என்பது இன்னொன்று. முதல் வரி பாதி சரி. இரண்டாவது வரி அடியோடு தவறு. ஆணையங்கள் தீர்ப்பளிப்பதில்லை. பல ஆண்டுகளாக மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்தக் குழப்பம் தொடர்கிறது. அதற்கு ஆவணங்களைப் படிக்கும் முறையில் உள்ள கோளாறே காரணம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவன் அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது ஒரே சம்பவம்தான் என்றாலும் அதைப் பற்றி அரசு மூன்று தனித்தனி விசாரணைகளை நடத்தியது. மூன்றுக்கும் கேள்வி வேறு, சட்டம் வேறு, முடிவின் வலுவும் வேறு. ஒன்றில் சொன்னதை எடுத்து இன்னொன்றின் பெயரில் எழுதுவதுதான் நம் பத்திரிகைகளில் வழக்கமாக நேரும் பிழை.

முதலாவது, உச்ச நீதிமன்றத்தில் அப்போது பதவியில் இருந்த நீதிபதி ஜே.எஸ்.வர்மாவின் ஆணையம். கொலையைத் தடுத்திருக்க முடியுமா, பாதுகாப்பில் யார் கோட்டை விட்டார்கள், ஏற்பாடுகளில் இருந்த ஓட்டைகள் என்ன என்பவை மட்டுமே அதற்குத் தரப்பட்ட கேள்விகள். 1992 ஜூனில் அறிக்கை தந்து தன் வேலையை முடித்துக்கொண்டது. இரண்டாவது, டெல்லி உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற எம்.சி.ஜெயினின் ஆணையம். 1991 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட இதற்கு, வர்மா ஆணையம் தொடாத பகுதி தரப்பட்டது. கொலைக்கு இட்டுச் சென்ற நிகழ்வுகள் என்ன, திட்டமிட்டவர்கள் யார், சதி இருந்ததா, இருந்தால் அது எங்கெங்கே கிளை விட்டது என்று அது ஆராய வேண்டும். மூன்றாவதுதான் குற்ற வழக்கு. டி.ஆர்.கார்த்திகேயன் தலைமையில் சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்து, கொலை நடந்து ஓராண்டு நிறைவதற்கு முதல் நாள், அதாவது 1992 மே 20 அன்று குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் 41 பேர் குற்றம் சாட்டப்பட்டவர்களாகக் காட்டப்பட்டார்கள். அவர்களில் 12 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், 3 பேர் தலைமறைவு, மீதி 26 பேர் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பூந்தமல்லி நீதிமன்றத்தில் விசாரணையைச் சந்தித்தார்கள்.

தண்டனை கொடுக்கும் அதிகாரம் இந்த மூன்றாவதற்கு மட்டுமே உண்டு. மற்ற இரண்டும் அரசுக்கு யோசனை சொல்பவை.

இனி 1991 தேர்தலுக்கு வருகிறேன். மக்களவைத் தேர்தலின் முதல் கட்டம் மே 20 அன்று முடிந்துவிட்டது. மறுநாள் கொலை நடந்ததால் மே 23, 26 தேதிகளில் நடக்க வேண்டிய கட்டங்களைத் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என்.சேஷன் ஜூன் 12, 15 தேதிகளுக்குத் தள்ளிவைத்தார். ஆக, ஒரே தேர்தலில் கொலைக்கு முன் வாக்களித்த தொகுதிகளும் உண்டு, பின் வாக்களித்த தொகுதிகளும் உண்டு. முந்தைய தொகுதிகளைவிடப் பிந்தைய தொகுதிகளில் காங்கிரஸ் நன்றாகவே தேறியது. அதனால் நாடு தழுவிய அளவில் அனுதாபம் வேலை செய்தது என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தக் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஜூன் 21 அன்று நரசிம்ம ராவ் சிறுபான்மை அரசைத்தான் அமைத்தார்.

தமிழ்நாட்டின் கணக்கு வேறு. இங்கே மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்தே தேர்தல் நடந்தது. அ.தி.மு.க. - காங்கிரஸ் அணி மக்களவையில் 39-க்கு 39 இடங்களையும் பிடித்தது. சட்டமன்றத்தில் அ.தி.மு.க. மட்டும் 164, காங்கிரஸ் 60. தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம். கருணாநிதியே துறைமுகம் தொகுதியில் 890 வாக்கு வித்தியாசத்தில்தான் வென்றார். இந்த எண்களை மட்டும் பார்த்தால் எல்லாம் அனுதாபம் என்றுதான் தோன்றும். ஆனால் 1989 நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது தி.மு.க. மாநிலத்தில் ஆளும் கட்சி. எந்தப் படுகொலையும் நடந்திருக்கவில்லை. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் 27, அ.தி.மு.க. 11 என்று இதே அணி 38 இடங்களை அள்ளியது. எஞ்சிய ஒன்று இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனது, தி.மு.க.வுக்குப் பூஜ்யம். அதே ஆண்டு ஜனவரியில் தி.மு.க. ஆட்சிக்கு வர முடிந்ததற்குக் காரணம், எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாக உடைந்ததும் காங்கிரஸ் தனியாக நின்றதும்தான். அந்த மூன்றும் மறுபடி ஒரே அணிக்குள் வந்தவுடன் வாக்குக் கணக்கு தலைகீழாகிவிட்டது. 1991-இல் அந்த அணி வென்றதற்குக் கூட்டணிக் கணக்கே போதும். தி.மு.க. இரண்டு இடங்களுக்குச் சுருங்கியதற்குத்தான் கொலையும், அதையொட்டிக் கிளம்பிய கோபமும் காரணம்.

அந்தக் கோபம் தி.மு.க. அலுவலகங்கள் மீதும் கட்சிக்காரர்களின் கடைகள், வீடுகள் மீதும் பாய்ந்தது. அப்போது பலருக்கும் மறந்துபோன, இன்றும் பலரும் குறிப்பிடாத ஒரு விஷயம் உண்டு. மே 21 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியே இல்லை. விடுதலைப் புலிகள் நடமாட்டத்தையும் சட்டம் ஒழுங்கையும் காரணம் காட்டி மத்தியில் இருந்த சந்திரசேகர் அரசு 1991 ஜனவரி 30 அன்றே அந்த ஆட்சியைக் கலைத்துவிட்டது. கலைக்கும்படி அறிக்கை அனுப்ப ஆளுநர் பர்னாலா மறுத்தார். அவருடைய அறிக்கை இல்லாமலேயே, அரசியல் சாசனத்தின் 356-வது பிரிவில் உள்ள ‘வேறு வகையில்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆட்சி கலைக்கப்பட்டது. கொலை நடந்த இரவு மாநிலக் காவல்துறை குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ், ஆளுநர் பீஷ்ம நாராயண் சிங்கின் நிர்வாகத்தில் இருந்தது. ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு முன்பே பதவி இழந்த அரசின் மீது அன்றிரவுப் பாதுகாப்புக் குறைபாட்டுக்கான பழியைப் போட முடியாது.

ஆனால் 1989-லிருந்து 1991 ஜனவரி வரை அந்த அரசு காட்டிய மெத்தனத்தைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 1990 ஜூன் 19 அன்று சென்னைக் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற ஈழப் போராளி இயக்கத்தின் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் சாலை வழியாகக் கடற்கரை வரை போய்ப் படகேறித் தப்பினார்கள். ராஜீவ் கொலையைக் களத்தில் நடத்திய சிவராசனுக்குப் பத்மநாபா கொலையிலும் பங்கு உண்டு. அந்த வழக்கை அப்போதே விடாப்பிடியாகத் துரத்தியிருந்தால் சிவராசனின் முகமும், தங்கும் வீடுகளும், உதவியாளர்களும் ஓராண்டு முன்னதாகவே காவல்துறைக்குத் தெரிந்திருக்கும். இது ஒரு நிர்வாகத் தோல்வி. கடுமையான தோல்வியும்கூட. ஆனால் கொலைச் சதியில் பங்கு என்பது வேறு குற்றச்சாட்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை போதிய கவனத்தோடு பேணவில்லை என்பது என் கருத்து.

வர்மா ஆணையம் இந்த விஷயத்தில் கட்டுக்கோப்பாக நடந்துகொண்டது. எஸ்.பி.ஜி. எனப்படும் சிறப்புப் பாதுகாப்புப் படைக்கான சட்டம் 1988-இல் வந்தபோது பதவியில் இருக்கும் பிரதமரையும் அவர் குடும்பத்தையும் மட்டுமே காத்தது. 1989 டிசம்பரில் பதவி போனதும் ராஜீவுக்கு அந்தப் பாதுகாப்பு விலகியது. ஆபத்து குறையவில்லை என்று தெரிந்தும் அதற்கு ஈடான மாற்று ஏற்பாடு செய்யாதது மத்திய அரசின் தவறு என்று வர்மா எழுதினார். உளவுத் துறையையும் மாநிலக் காவல்துறையையும் அவர் விடவில்லை. பொதுக்கூட்ட ஏற்பாட்டாளர்களான காங்கிரஸ்காரர்களையும் குறை சொன்னார். தலைவருக்கு மாலை போட யார் வரலாம் என்ற பட்டியல் இருந்தும் அதைக் காக்கவேண்டியவர்களே வரிசையைக் குலைத்தால் காவலர் என்ன செய்ய முடியும்? கட்சிக்காரர்களின் நெருக்கடிதான் பாதுகாப்பு வளையத்தில் முதலில் விழும் ஓட்டை என்பதைக் கூட்டம் நடத்தும் எல்லாக் கட்சிகளும் இன்றுவரை மனதில் கொள்ளவில்லை. கொலைக்குச் சில மாதங்களுக்குள் எஸ்.பி.ஜி. சட்டம் திருத்தப்பட்டு முன்னாள் பிரதமர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். வர்மாவின் அறிக்கையால் எந்த ஆட்சியும் கவிழவில்லை. பழி பல தரப்புக்கும் பங்கிடப்பட்டிருந்ததால் எந்தக் கட்சிக்கும் அது ஆயுதமாகவில்லை.

ஜெயின் ஆணையத்தின் கதை நேர்மாறானது. 1981-லிருந்து ஈழப் போராளி இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் கிடைத்த இடம், பயிற்சி, பணம் எல்லாவற்றையும் அது தோண்டியது. கால நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாக ஆறு ஆண்டுகள் ஓடின. 1997 ஆகஸ்டில் 17 தொகுதிகளில் ஐந்தாயிரம் பக்கங்களைத் தாண்டிய இடைக்கால அறிக்கையைப் பிரதமர் குஜ்ராலின் அரசிடம் ஒப்படைத்தது. நவம்பர் நடுவில் அதன் பகுதிகள் ஒரு ஆங்கில வார இதழில் கசிந்தன. நவம்பர் 20 அன்று நடவடிக்கை அறிக்கையோடு சேர்த்து நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஐக்கிய முன்னணி அமைச்சரவையிலிருந்து தி.மு.க.வை நீக்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஆதரவு தந்துவந்த காங்கிரஸ், தலைவர் சீதாராம் கேசரி மூலம் கேட்டது. முரசொலி மாறன் உள்ளிட்டோர் அப்போது அமைச்சர்கள். குஜ்ரால் மறுத்தார். நவம்பர் 28 அன்று காங்கிரஸ் ஆதரவை விலக்கியது. பிரதமர் அன்றே ராஜினாமா செய்தார். டிசம்பர் 4 அன்று மக்களவை கலைந்தது. கசிவிலிருந்து கவிழ்ப்பு வரை ஏறக்குறைய இரண்டே வாரம்.

இந்த இரண்டு வாரத்தில் ஐந்தாயிரம் பக்கங்களை யார் முழுதாகப் படித்திருக்க முடியும்? விவாதம் முழுவதும் ஒருசில வாக்கியங்களைச் சுற்றியே நடந்தது. புலிகளுக்குத் தமிழகத் தமிழர்களோடு இருந்த ஆழ்ந்த தொடர்பும் மாநில அதிகாரிகளின், காவல்துறையின் மறைமுக ஆதரவும் இல்லாமல் இந்தக் கொலை இவ்விதம் நடந்திருக்க முடியாது என்ற கருத்து அவற்றில் ஒன்று. ஒரு மாநிலத்து மக்களையே ஒரு கொலைக்குப் பின்னணியாகக் காட்டிய அந்த வரி அன்று தமிழ்நாட்டில் கட்சி பேதமில்லாமல் பலரையும் புண்படுத்தியது. இதே அறிக்கையில், எண்பதுகளின் தொடக்கத்தில் போராளிகளுக்குப் பயிற்சி அளித்தது மத்திய அரசின் அமைப்புகளே என்பதும், எம்.ஜி.ஆர். அரசு புலிகளுக்குத் தந்த ஆதரவும் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பக்கங்களை மேடையில் படித்தவர்கள் இல்லை.

இங்கேதான் 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இது சிறிய சட்டம். ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். 3-வது பிரிவின்படி பொது முக்கியத்துவம் உள்ள ஒரு திட்டமான விஷயத்துக்காக அரசு ஆணையம் அமைக்கிறது. அந்த அறிவிக்கையில் உள்ள ஆய்வு வரம்பைத் தாண்டி ஆணையம் போகக்கூடாது. 4-வது பிரிவு சம்மன் அனுப்பவும் ஆவணங்களை வரவழைக்கவும் சத்தியப் பிரமாணம் செய்வித்து விசாரிக்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைத் தருகிறது. அதோடு சரி. யாரையும் குற்றவாளி என்று அறிவிக்கவோ தண்டிக்கவோ அதிகாரம் இல்லை. ஆணையத்தின் முடிவுகள் பரிந்துரை மட்டுமே, தாமாகச் செயலுக்கு வருபவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் டால்மியா வழக்கில் 1958-லேயே சொல்லிவிட்டது. 6-வது பிரிவு இன்னும் முக்கியமானது. ஆணையத்தின் முன் ஒருவர் சொன்ன சாட்சியத்தை, பொய்ச் சாட்சி வழக்கு தவிர வேறு எந்த சிவில், கிரிமினல் வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஆகவே ஆணையத்தின் பக்கங்கள் அப்படியே குற்றப்பத்திரிகை ஆகிவிடாது. சதி என்று ஆணையம் நினைத்தால், சி.பி.ஐ. மறுபடி முதலிலிருந்து சாட்சியம் திரட்டித்தான் ஆக வேண்டும்.

1971-இல் சேர்க்கப்பட்ட 8-பி பிரிவுதான் பத்திரிகையாளர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம். ஒருவரின் நடத்தையைப் பற்றி விசாரிக்க நேர்ந்தாலோ, அவருடைய நற்பெயருக்குக் களங்கம் வரும் என்று தோன்றினாலோ அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, தன் தரப்பைச் சொல்லவும் எதிர்ச் சாட்சியம் தரவும் வாய்ப்பளிக்க வேண்டும். 8-சி பிரிவு குறுக்கு விசாரணைக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. இந்த நோட்டீஸ் தராமல் எழுதப்பட்ட கண்டனம் நீதிமன்றத்தில் நிற்காது. பாகல்பூர் கலவரம் பற்றிய ஆணையம் அத்வானியைப் பற்றி எழுதிய குறிப்புகள் இந்தக் காரணத்துக்காகவே நீக்கப்பட்டன. 2003-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு கட்சியையோ ஒரு மாநில மக்களையோ மொத்தமாகக் குறை சொல்லும் வாக்கியத்துக்கு யாருக்கு நோட்டீஸ் போயிருக்க முடியும்? அப்படிப்பட்ட பொது வாக்கியம் சட்டத்தின் சல்லடையில் தங்காது. அரசியல் மேடைக்கோ அதுதான் மிகவும் வசதி.

இன்னொரு பிரிவு 3(4). அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் அதையும், அதன்மீது எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்பையும் சேர்த்தே அவையில் வைக்க வேண்டும். சேர்த்தே என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அரசு எதை ஏற்கிறது, எதை மறுக்கிறது, எதை மேற்கொண்டு விசாரிக்கப்போகிறது என்பது தெரியாமல் அறிக்கையை மட்டும் படித்தால் ஒரு பக்கத்து வாதத்தைக் கேட்டதாகத்தான் ஆகும். 1997-இல் குஜ்ரால் அரசுக்குச் சட்டப்படி பிப்ரவரி இறுதி வரை நேரம் இருந்தது. கசிவால் அந்த அவகாசம் போயிற்று.

அடுத்து காலவரிசையைக் கவனியுங்கள். இடைக்கால அறிக்கையால் ஆட்சி போனது 1997 நவம்பரில். பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது 1998 ஜனவரி 28 அன்று, சரியாக இரண்டு மாதம் கழித்து. ஜெயின் ஆணையத்தின் இறுதி அறிக்கை வந்தது 1998 மார்ச் 7 அன்று, இடைக்கால அறிக்கையால் வந்த தேர்தலின் முடிவுகளே வெளியான பிறகு. யார் சதி செய்தார்கள் என்ற ஒரே கேள்வியை நீதிமன்றமும் ஆணையமும் ஒரே நேரத்தில் விசாரித்துக்கொண்டிருந்தன. நீதிமன்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணம் கேட்கிறது, ஆணையம் கருத்துச் சொல்கிறது. நிரூபணம் கேட்கும் இடத்திலிருந்து விடை வரும்வரை இரண்டு மாதம் பொறுக்க மனமில்லாமல் கருத்தை வைத்து ஒரு அரசைக் கவிழ்த்தார்கள். நீதிமன்றத்தில் நின்ற 26 பேரில் தமிழக அரசியல் கட்சித் தலைவர் எவரும் இல்லை.

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது. 26 பேரில் 19 பேர் கொலைச் சதியிலிருந்து விடுபட்டார்கள். நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். இலங்கைக்கு அமைதிப்படையை அனுப்பியதற்காக ராஜீவ் மீது புலிகளுக்கு இருந்த பகையும், அவர் மறுபடி பதவிக்கு வந்தால் படை திரும்பவும் வரும் என்ற எண்ணமும்தான் நோக்கம் என்று நீதிபதிகள் கண்டார்கள். அரசை அச்சுறுத்தும் நோக்கம் நிரூபிக்கப்படாததால் தடா சட்டத்தின் பயங்கரவாதக் குற்றம் பொருந்தாது என்றும் சொன்னார்கள். ஆனால் காவல்துறைக் கண்காணிப்பாளர் முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் தடாவின் 15-வது பிரிவு மட்டும் உயிரோடு இருந்தது. சாதாரணச் சட்டத்தில் செல்லாத வாக்குமூலங்கள் இங்கே தண்டனைக்கு அடிப்படையாயின. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் படியும் குற்றவாளிகளுக்கு இல்லாமல் போனது. நேராக உச்ச நீதிமன்றம்தான். ஒன்பது வோல்ட் பேட்டரி எதற்காக வாங்கச் சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது எனத் தண்டிக்கப்பட்ட எழுவரில் ஒருவரான பேரறிவாளன் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவுசெய்த ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். வாக்குமூலத்தை நம்பி நடத்தும் வழக்கில் ஒரு வாக்கியம் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இதற்கு நேர்மாறாக, கூட்டத்தில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா சேதமில்லாமல் கிடைத்தது. அதில் இருந்த பத்துப் படங்கள் மனித வெடிகுண்டாக வந்த தாணுவையும் சிவராசனையும் அடையாளம் காட்டின. புலனாய்வை நகர்த்தியது அந்தப் படச்சுருள்தான்.

கொலையின் பெயரால் ஆட்சியைக் கவிழ்த்ததன் அரசியல் பலன் என்ன என்று பார்த்தால், 1998 தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை. அ.தி.மு.க., பா.ஜ.க., பா.ம.க., ம.தி.மு.க. அடங்கிய அணி 30 இடங்களை வென்றது. புலிகள் ஆதரவை மறைக்காத ம.தி.மு.க. அந்த அணியில் வெற்றிபெற்ற கட்சி. டெல்லியில் வாஜ்பாய் ஆட்சிக்கு வந்தார். 2004-இல் தி.மு.க.வும் ம.தி.மு.க.வும் காங்கிரசோடு ஒரே அணியில் நின்றன. இடைக்கால அறிக்கையின் வரிகள் உண்மை என்று 1997-இல் காங்கிரஸ் நம்பியிருந்தால் 2004-க்குள் அவற்றை மாற்றிய சாட்சியம் என்ன? அப்படி எதுவும் முன்வைக்கப்படவில்லை. இறுதி அறிக்கை, சாமியார் சந்திராசாமியின் பங்கு பற்றி மேலும் விசாரிக்கச் சொன்னது. அதற்காக 1998 டிசம்பரில் சி.பி.ஐ.யின் கீழ் பல்துறைக் கண்காணிப்பு முகமை அமைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நீட்டித்து நீட்டித்து 2022-இல் அது கலைக்கப்பட்டது. அது மூடிய உறையில் நீதிமன்றத்துக்குத் தந்த அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்த்ததே இல்லை.

இதனிடையே விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கொலைக்குப் பின் முகாம்களில் இருந்த ஈழ அகதிகளுக்கு உயர்கல்வியில் இருந்த இட ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. 1996-க்குப் பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது. 1992-லிருந்து 1995-க்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். யாரும் வற்புறுத்தப்படவில்லையா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் முகமை சென்னையில் அலுவலகம் திறக்க வேண்டி வந்தது. அந்த மக்களில் பெரும்பாலோர் புலிகளுக்கும் ராணுவத்துக்கும் நடுவே சிக்கி ஓடி வந்தவர்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு இறந்த காவலர்களின், கட்சித் தொண்டர்களின் குடும்பங்களும் அப்படித்தான். தூக்கும் ஆயுளும் பெற்ற எழுவரின் விடுதலை பற்றிய விவாதத்தில் அவர்களுடைய பெயர்கள் அபூர்வமாகவே வரும். விடுதலை விவகாரத்திலும் தாமதமே எல்லாவற்றையும் தீர்மானித்தது. 2000-இல் போன கருணை மனுக்களைக் குடியரசுத் தலைவர் 2011-இல்தான் நிராகரித்தார். அந்தப் பதினோரு ஆண்டுத் தாமதத்துக்காக 2014 பிப்ரவரி 18 அன்று, தூக்குத் தண்டனையில் எஞ்சியிருந்த மூவரின் தூக்கு ஆயுளானது. மறுநாளே ஜெயலலிதா அரசு எழுவரையும் விடுவிக்க முடிவெடுத்தது, அதற்கு அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் தண்டனைக் குறைப்புக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்று 2015-இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆனால் தண்டனையைக் குறைக்க அரசியல் சாசனத்தின் 161-வது பிரிவில் ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தை அது தொடவில்லை. அந்த வழியில் 2018 செப்டம்பர் 9 அன்று தமிழக அமைச்சரவை பரிந்துரை அனுப்பியது. ஆளுநர் இரண்டே கால் ஆண்டுக்கு மேல் வைத்திருந்து 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். அமைச்சரவையின் பரிந்துரைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர், அப்படித் தள்ள இடமில்லை என்று சொல்லித்தான் 2022 மே 18 அன்று பேரறிவாளனை 142-வது பிரிவின் கீழ் நீதிமன்றம் விடுவித்தது. நவம்பர் 11 அன்று மற்ற அறுவர். இவர்கள் நிரபராதிகள் என்று அந்தத் தீர்ப்புகள் சொல்லவில்லை. அப்படி எழுதும் செய்திகளும் ஜெயின் ஆணையம் தீர்ப்பளித்தது என்று எழுதுவதைப் போன்றே தவறானவை.

உங்கள் நாளிதழிடம் என் வேண்டுகோள் இதுதான். எந்த ஆணையத்தின் அறிக்கை வந்தாலும், கசிந்தாலும், முதல் நாள் செய்தியோடு அந்த ஆணையத்தின் ஆய்வு வரம்பை முழுமையாக ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். குறை சொல்லப்பட்டவருக்கு 8-பி நோட்டீஸ் போனதா, அவர் குறுக்கு விசாரணை செய்தாரா என்று ஆணையத்தின் செயலரிடம் கேட்டு எழுதுங்கள். கண்டறிந்த உண்மை, அனுமானம், பரிந்துரை மூன்றும் வேறு வேறு. மேற்கோள் எந்த அத்தியாயத்திலிருந்து வருகிறது என்று பக்க எண்ணோடு குறிப்பிடுங்கள். இடைக்கால அறிக்கையென்றால் தலைப்பிலேயே அதைச் சொல்லுங்கள். நடவடிக்கை அறிக்கை வந்த நாளில் மறுபடியும் அதே அளவு இடம் ஒதுக்குங்கள். அதே விஷயத்தில் குற்ற வழக்கு நடந்தால் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஆவணம் என்பதால் ஜெயின் ஆணையத்தின் அறிக்கை இரகசியம் அல்ல. வர்மா ஆணையத்தின் அறிக்கை, ஜெயின் ஆணையத்தின் இரண்டு அறிக்கைகள், அவற்றின் நடவடிக்கை அறிக்கைகள், 1999 தீர்ப்பு ஆகியவற்றின் முக்கியப் பகுதிகளையாவது தமிழில் பெயர்த்து கன்னிமாரா நூலகத்திலும் மாவட்ட மைய நூலகங்களிலும் வைக்கத் தமிழக அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் நாளிதழ் அதை ஒரு கோரிக்கையாக எழுப்பினால், மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்து தர என்னைப் போன்ற வழக்கறிஞர்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
காஞ்சிபுரம்.